கடல்நீர் மீன்தொட்டிக்கு உலர் பாறையைச் சுத்தம் செய்து தயாரிப்பது: முழுமையான வழிகாட்டி

வெளியே சுண்ணாம்பு போல வெளுத்திருந்த பாறை அது. தேங்காய் அளவு இருக்கும். தொட்டியில் சரியாக உட்காரவில்லை என்று உளியை வைத்து ஒரு தட்டு தட்டினேன், இரண்டாகப் பிளந்தது. உள்ளே விரல் நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. அதன் சுவரில் கருகிய பஞ்சு போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. குச்சியால் சுரண்டி எடுத்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். ஐந்து நிமிடத்தில் அழுகல் நாற்றம் மூக்கைத் துளைத்தது. எப்போதோ கடலில் அந்தப் பொந்துக்குள் வாழ்ந்து, பாறையோடு சேர்ந்து காய்ந்துபோன கடற்பஞ்சு அது.

அன்றைக்குப் புரிந்ததுதான் இந்த வழிகாட்டி முழுக்க ஓடுகிறது. உலர் பாறை குடித்து வைத்திருப்பதையெல்லாம் ஒருநாள் கக்கத்தான் செய்யும். அதை மீன்கள் இருக்கும் தொட்டியில் கக்குவதா, அதற்கு முன்பே வெளியே ஒரு பிளாஸ்டிக் டப்பில் கக்குவதா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. என் முதல் தொட்டியில் பாறையைத் தண்ணீரில் அலசிவிட்டு நேரே இறக்கினேன். மூன்றாம் மாதம் பச்சை முடிப்பாசி பிடித்தது. பாதித் தண்ணீரை மாற்றுவேன், பாசிக்கு உரமாகும் பாஸ்பேட் இறங்கும். இரண்டு நாளில் பழையபடி ஏறி நிற்கும். தீவனத்தைக் குறைத்தேன், விளக்கைக் குறைத்தேன், எட்டு மாதம் பாசி விடவில்லை. பாஸ்பேட் தீவனத்திலிருந்து வரவில்லை, பாறைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

மொத்த வேலைக்கும் ஆறு முதல் பத்து வாரம் ஒதுக்கி வையுங்கள். அதில் உங்கள் கை படும் நேரம் சில மணிநேரம்தான். மீதி எல்லாம் காத்திருப்பது.

உங்களிடம் இருப்பது எந்தப் பாறை?

பவளப்பாறை என்று நாம் சொல்வது அடிப்படையில் கால்சியம் கார்பனேட். பவளங்களும் சுண்ணாம்புப் பாசிகளும் சிப்பிகளும் விட்டுப்போன கூடுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து இறுகியது. உயிரோடு ஈரமாக வந்தால் அது லைவ் ராக், காய்ந்து வந்தால் ட்ரை ராக். 1960களின் தொடக்கத்திலேயே ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் உயிருள்ள பாறையையும் காற்றுக் குமிழிகளையும் மட்டும் நம்பிக் கடல்நீர்த் தொட்டிகளை நடத்திக் காட்டினார். பாறையே ஃபில்டராக வேலை செய்யும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் பரவியது. இப்போது பலரும் உலர் பாறைக்கு மாறியதற்கு நல்ல காரணங்கள் உண்டு: எய்ப்டேசியா (வேகமாகப் பெருகும் ஒரு கடல் அனிமோன்) போன்ற தொல்லைகள், மீனைத் தாக்கும் நண்டு, மான்டிஸ் இறால் எதுவும் கூடவே வராது. உயிருள்ள பவளத்திட்டிலிருந்து பெயர்க்க வேண்டிய தேவையும் இல்லை.

ஆனால் எல்லா உலர் பாறையும் ஒன்றல்ல. எந்த வகை என்று தெரிந்தால்தான் எவ்வளவு வேலை என்று தெரியும்.

நிலத்தில் தோண்டி எடுக்கும் பழங்காலப் பவளப்பாறை முதல் வகை. கடல் பின்வாங்கிப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆனது என்பதால் உயிர்க்கழிவு அநேகமாக இருக்காது. மண்ணும் தூசியும்தான் இருக்கும். இதற்கு வேலை குறைவு.

இரண்டாவது, கடலிலிருந்து எடுத்துக் காயவைத்தது. மேலே நான் சொன்ன பாறை இந்த வகை. பொந்துகளுக்குள் காய்ந்த கடற்பஞ்சும் புழுவும் சிப்பித் தசையும் இருக்கும்.

மூன்றாவது, யாரோ ஒருவர் பழைய தொட்டியைக் கலைத்து விற்றது. மலிவாகக் கிடைக்கும், ஆனால் இதுதான் அதிக வேலை வாங்கும். ஆண்டுக்கணக்கில் தீவனத்தின் பாஸ்பேட்டை உறிஞ்சியிருக்கும். அந்தத் தொட்டியில் எப்போதாவது மீன் நோய்க்குத் தாமிர மருந்து விட்டிருந்தால் பாறையில் தாமிரமும் ஏறியிருக்கும், அது முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு நஞ்சு. வாங்கும் முன் விற்பவரிடம் கேட்டுவிடுங்கள். மருந்து விட்டதாகச் சொன்னால் அந்தப் பாறையை விட்டுவிடுவதே நல்லது.

நான்காவது, சிமென்டிலோ பீங்கானிலோ செய்த செயற்கைப் பாறை. ஊதா நிறம் பூசியும் வரும். இவற்றுக்கு அமிலம் வேண்டவே வேண்டாம். சிமென்டை அமிலம் தின்றுவிடும், பூச்சும் போய்விடும். நீரில் ஊறவைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்த வகை என்று சந்தேகம் வந்தால் ஒரு மூலையில் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். பொங்கினால் கார்பனேட். ஒரு காந்தத்தையும் மேலெல்லாம் ஓட்டிப் பாருங்கள். துருப்பிடித்த ஆணி, கம்பித் துண்டு, தூண்டில் முள் பாறைக்குள் புதைந்திருப்பது உண்டு. கடற்கரையில் நீங்களே பொறுக்கி எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். பல நாடுகளில் அது குற்றம். கற்பவளங்கள், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன, எல்லை தாண்டிக் கொண்டுபோக அனுமதிப் பத்திரம் வேண்டும்.

வேகவைக்கவே கூடாது

சுத்தம் என்றதும் வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைக்கலாம் என்று பலருக்குத் தோன்றும். செய்யாதீர்கள். இதைப் பாதுகாப்புக் குறிப்பாகக் கடைசியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை, அதனால் இங்கேயே சொல்கிறேன்.

பாலிதோவா, ஜோயாந்திட் என்ற பொத்தான் போன்ற பவள உறவினங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. ஹவாயில் கிடைத்த ஒரு பாலிதோவாவிலிருந்து 1971இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். இயற்கையில் கிடைக்கும் மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. சூட்டில் அழியாது. பாறையைக் கொதிக்கவைத்தால் ஆவியோடு சிறு துளிகளாகக் கிளம்பி மூச்சுக்குள் போகும். இப்படிக் கொதிக்கவைத்த வீடுகளில் குடும்பமே மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. காய்ந்த பாறையிலும் பழைய பொத்தான்களின் தோல் ஒட்டியிருக்கலாம். அடுப்பில் சுடுவதும் ஆகாது. மூடிய பொந்துக்குள் சிக்கிய ஈரம் ஆவியானால் பாறையே வெடிக்கக்கூடும். பழைய தொட்டிப் பாறை மீது அழுத்தமாகப் பீய்ச்சும் தண்ணீரும் வேண்டாம், அதுவும் நஞ்சைத் துளிகளாகத் தெறிக்கவைக்கும். தோல் போல எதுவும் ஒட்டியிருந்தால் காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். கையுறையோடு எடுத்து முதலில் ப்ளீச் நீரில் முழுக்கிவிடுங்கள்.

எல்லா வேலைக்கும் தடித்த ரப்பர் கையுறை, கண்ணை முழுதாக மூடும் கண்ணாடி, தட்டும்போது என்95 முகக்கவசம். பாறையின் விளிம்பு கத்தி மாதிரி அறுக்கும். கையில் ஏற்கெனவே வெட்டுக்காயம் இருந்தால் அது ஆறும்வரை பழைய தொட்டிப் பாறையைத் தொடாதீர்கள். மீன்தொட்டி நீரில் வாழும் ஒருவகை மைக்கோபாக்டீரியம் காயத்தின் வழியாகப் புகுந்து மாதக்கணக்கில் ஆறாத புண்ணைக் கொண்டுவரும்.

இன்னொன்று. ப்ளீச்சும் அமிலமும் ஒருபோதும் சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலைப் பொசுக்கிவிடும். வினிகரும் அமிலம்தான். இரண்டு வேலைக்கும் தனித்தனி டப் வைத்துக்கொண்டு மேலே பெயர் எழுதிவிடுங்கள். நான் சிவப்பு டப்பில் அமிலம், நீல டப்பில் ப்ளீச் என்று வைத்துக்கொண்டு இன்றுவரை மாற்றியதில்லை.

முதல் படி: உடைப்பதும் தேய்ப்பதும்

உடைக்க வேண்டியதை முதலிலேயே உடைத்துவிடுங்கள், ஒட்ட வேண்டியதைக் கடைசிக்கு வையுங்கள். உடைத்தால் உள்ளே இருப்பது வெளியே தெரியும். சுத்தம் செய்தபின் உடைத்தால் அழுக்கு மறுபடி வெளிப்படும், திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கம்பி செருகத் துளை போட வேண்டுமென்றாலும் இப்போதே போட்டுவிடுங்கள்.

எவ்வளவு பாறை வேண்டும் என்பதற்குப் பழைய கணக்கு லிட்டருக்கு 120 முதல் 240 கிராம் வரை. 200 லிட்டர் தொட்டிக்கு 24 கிலோவுக்குக் குறையாது. இப்போது அதில் பாதி போதும் என்றே நான் சொல்வேன். பொந்துகள் நிறைந்த எடை குறைந்த பாறையாக இருந்தால் நீரோட்டத்துக்கும் மீன் நீந்துவதற்கும் இடம் கிடைக்கும். சுத்தம் செய்ய வேண்டிய சுமையும் பாதியாகும்.

திறந்த வெளியில் கெட்டியான நைலான் பிரஷால் தேயுங்கள். இரும்புக் கம்பிப் பிரஷ் வேண்டாம், அதன் முடிகள் ஒடிந்து பாறையில் தங்கித் துருப்பிடிக்கும். பொந்துகளுக்குள் பழைய பல்துலக்கி, மூங்கில் குச்சி. தோண்டியெடுத்த பாறையாக இருந்தால் களிமண் கட்டி கட்டியாக வரும். கடைசியில் தண்ணீரைப் பீய்ச்சி அலசுங்கள், பழைய தொட்டிப் பாறையானால் பீய்ச்சாமல் மெதுவாக ஊற்றி. தலைகீழாகத் திருப்பிப் பிடித்து ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை. ஒரு பக்கமாக மட்டும் அலசினால் பொந்துக்குள் இருக்கும் மணல் அங்கேயே உட்கார்ந்துவிடும்.

இரண்டாம் படி: ப்ளீச் குளியல்

ப்ளீச் உயிர்க்கழிவை எரித்துவிடும், அதுதான் அதன் வேலை. பாறைக்குள் பிணைந்திருக்கும் பாஸ்பேட்டை அது தொடாது. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் ப்ளீச் போட்டபிறகும் பாசி வருகிறதே என்று திகைக்கிறார்கள்.

வாசனையோ சோப்போ சேர்க்காத, கெட்டியாக்காத சாதா ப்ளீச் திரவம் வாங்குங்கள். அதில் சோடியம் ஹைப்போகுளோரைட் 5 அல்லது 6 சதவீதம் இருக்கும். ஒரு பங்கு ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர். பாறை முழுதும் மூழ்க வேண்டும். ஒரு பழைய பவர்ஹெட் (நீரில் மூழ்கி ஓடும் சிறு பம்பு) போட்டு நீரைச் சுழலவிடுங்கள். சுழற்சி இல்லாவிட்டால் பொந்துக்குள் ப்ளீச் ஒருமுறை செலவானதும் புதிது உள்ளே போகாது.

தோண்டியெடுத்த பாறைக்கு ஒரு நாள் போதும். கடல் பாறைக்கும் பழைய தொட்டிப் பாறைக்கும் மூன்று நாளிலிருந்து ஒரு வாரம். தினமும் மூடியைத் திறந்து பாருங்கள், முகத்தைக் குனிந்து நீட்டாமல் தள்ளி நின்று. நீர் தேநீர் நிறத்துக்கு மாறி ப்ளீச் வாசனையே இல்லாமல் போயிருந்தால் அது தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். பாறை வெள்ளையாகி, நீர் நிறம் மாறாமல், வாசனையும் அப்படியே நின்றால் முடிந்தது.

பிறகு மூன்று முறை நன்னீரில் அலசி, குளோரின் நீக்கி கலந்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து, வெயிலில் எலும்பு காய்வது போலக் காயவிடுங்கள். சோடியம் தயோசல்பேட் உள்ள எந்த நீக்கியும் சரி. மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். நான் ஒரு வாரம் கொடுப்பேன். அடுத்தது அமிலம் என்பதால் இந்த இடத்தில் அவசரமே கூடாது. நீச்சல்குளத்துக்கு விற்கும் குளோரின் சோதனைத் தாளைப் பாறை ஊறிய நீரில் முக்கிப் பாருங்கள். துளி நிறம் காட்டினாலும் மறுபடி ஊறவைத்துக் காயவையுங்கள்.

மூன்றாம் படி: அமிலக் குளியல், தேவைப்பட்டால்

தோண்டியெடுத்த சுத்தமான பாறைக்கு இந்தப் படியை விட்டுவிடலாம். பழைய தொட்டிப் பாறைக்கு இது இல்லாமல் என் மனம் ஒப்பாது. பாஸ்பேட் பெரும்பாலும் பாறையின் மேற்பரப்பிலும் அதை ஒட்டிய அடுக்கிலும்தான் பிணைந்திருக்கும். அமிலம் அந்த அடுக்கையே கரைத்து எடுத்துவிடுகிறது. அடைபட்ட நுண்துளைகளும் கூடவே திறக்கும்.

கணக்கைப் புரிந்துகொண்டு செய்தால் பயமில்லை. 31 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு லிட்டர், ஏறக்குறைய அரைக் கிலோ கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கும். உங்களிடம் 20 கிலோ பாறை இருந்து இரண்டு லிட்டர் அமிலம் செலவழித்தால் ஒரு கிலோ, அதாவது 5 சதவீதம் போகும். அதற்குமேல் போக வேண்டியதில்லை. கிளை கிளையாக மெல்லியதாக இருக்கும் பாறைக்கு அதிலும் பாதி. நான் ஒருமுறை கிளைப் பாறையை நேரம் பார்க்காமல் விட்டு, விரல் பருமன் இருந்த கிளைகள் பென்சில் போல ஆகிவிட்டன.

வேலை திறந்த வெளியில். கிளம்புவது கார்பன் டைஆக்சைடு, காற்றைவிடக் கனமானது, தாழ்வான மூடிய இடத்தில் தேங்கும். பிளாஸ்டிக் டப்பில் முதலில் தண்ணீர், பாதி அளவுக்குமேல் வேண்டாம். பிறகு மெதுவாக அமிலம். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஒரு பங்கு அமிலத்துக்கு இருபது பங்கு தண்ணீரில் தொடங்குங்கள். பாறைகளை ஒவ்வொன்றாக இறக்குங்கள்.

இறக்கியதும் சீறும். நுரை பால் பொங்குவது போல மேலே ஏறும், டப்பைப் பாதி மட்டும் நிரப்பச் சொன்னது அதனால்தான். நுரை முதலில் பழுப்பாக வரும், பாறையின் மேல்தோல் கரைகிறது. கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளைக்கு மாறும். பதினைந்து, இருபது நிமிடத்தில் சீறல் அடங்கி, சோடா போல மெல்லிய குமிழ் மட்டும் வரும். பாறையைத் திருப்பி வையுங்கள், அடியில் இருந்த பக்கம் மறுபடி சீறும். அது அடங்கியதும் அமிலம் தீர்ந்தது. எல்லாவற்றையும் எடுத்துத் தண்ணீரில் அலசுங்கள்.

டப்பில் மீதமுள்ள நீரில் சமையல் சோடாவைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவுங்கள். பொங்காமல் நின்றால் அமிலம் முழுதும் அடங்கிவிட்டது, பிறகு கொட்டலாம். பாறையையும் சோடா கலந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, மறுபடி நன்னீரில் அலசிக் காயவிடுங்கள்.

கடுமையான அமிலத்தைக் கையாளத் தயக்கமா? தயங்குவது சரிதான். வீட்டு வினிகர் போதும், நேரம்தான் கூடும். 5 சதவீத வினிகர் ஒரு லிட்டர் அதிகபட்சம் நாற்பது கிராம் அளவுக்குத்தான் கரைக்கும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஓர் இரவு விடுங்கள். ஐந்தாறு கிலோ பாறைக்கு இது வசதி, முப்பது கிலோவுக்கு வினிகர் வாங்கி மாளாது.

நான்காம் படி: அடுக்கி ஒட்டுவது

இப்போது பாறை சுத்தமாக, காய்ந்து இருக்கிறது. ஒட்டுவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. தொட்டியின் அடிப்பரப்பு அளவுக்கு ஓர் அட்டையை வெட்டித் தரையில் போட்டு, அதன் மேல் அடுக்கிப் பாருங்கள். கண்ணாடிச் சுவரிலிருந்து நான்கு பக்கமும் ஓர் உள்ளங்கை அகலம் விடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியைத் துடைக்கக் கை போகாது.

சின்ன இணைப்புக்கு ஜெல் வடிவ சயனோஅக்ரிலேட் பசை, அதன் மேல் மீன்தொட்டிக்கென்று வரும் எபாக்சி. கனமான இணைப்புக்கு அக்ரிலிக் கம்பியைத் துளையில் செருகி ஒட்டுங்கள். உலோகக் கம்பி எதுவும் வேண்டாம். அடுக்கியதைக் கையால் அசைத்துப் பாருங்கள், ஆடினால் ஆடாதவரைக்கும் சரிசெய்யுங்கள். தொட்டியில் பாறைதான் முதலில் அடிக் கண்ணாடியில் உட்கார வேண்டும், மணல் அதன்பிறகு. மணல் மேல் பாறையை வைத்தால், அடியில் குழி தோண்டும் கோபி மீனோ இறாலோ ஒருநாள் மொத்தத்தையும் சாய்த்துவிடும்.

ஐந்தாம் படி: இருட்டில் ஊறவைத்துப் பக்குவப்படுத்துவது

உண்மையான வேலை இங்கேதான். பாறைகளை மூடியுள்ள பெரிய டப்பில் வையுங்கள். ஒட்டிய அமைப்பு டப்பில் அடங்காவிட்டால் தொட்டியிலேயே, விளக்கைப் போடாமல். ஆர்ஓ நீரில் கடல் உப்பு கலந்து உப்பளவு ஆயிரத்துக்கு 35, அதாவது ஒப்படர்த்தி 1.026 அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஹீட்டரில் 25 முதல் 27 டிகிரி. பவர்ஹெட் நன்றாகச் சுழற்றட்டும். வெளிச்சம் வேண்டாம், வெளிச்சம் இருந்தால் கிளம்பும் பாஸ்பேட்டில் பாசி வளர்ந்துவிடும்.

உப்பு நீரை ஏன் வீணாக்குவது, நன்னீரிலேயே ஊறவைக்கலாமே என்று கேட்பார்கள். பாறை கடைசியில் வாழப்போவது உப்பு நீரில், அங்கே எவ்வளவு பாஸ்பேட்டை விடுகிறது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும். நன்னீரில் எடுத்த அளவை வைத்து என்னால் நிம்மதியாக முடிவெடுக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் முதல் பாஸ்பேட் அளவு எடுங்கள். நிறம் பார்த்துச் சொல்லும் தாள் இதற்குப் போதாது. சின்ன கலரிமீட்டர், ஹன்னா செக்கர் போன்றது, ஒரு பிபிஎம்மில் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) நூற்றில் ஒரு பங்கு வரைக்கும் எண் காட்டும். கண்ணாடிக் குப்பியில் 10 மில்லி நீர், பொடியைக் கொட்டிக் குலுக்கியதும் மெல்ல நீலம் ஏறும். நீலம் கூடக் கூட பாஸ்பேட் கூடுதல். பழைய தொட்டிப் பாறை ஒன்றில் நான் முதன்முதலில் இதைச் செய்தபோது, மீட்டருக்குள் வைப்பதற்கு முன்பே நீலம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது. அமிலக் குளியல் முடித்த பாறை அது. அமிலம் தொடாத உள்பொந்துகளில் அவ்வளவு மிச்சம் இருந்தது.

பாஸ்பேட் பாறையோடு ஒரு சமநிலையில் இருக்கிறது. நீரில் அளவு குறைந்தால் பாறை விடும், நீரில் கூடினால் பாறை பிடித்துக்கொள்ளும். அதனால் ஒருமுறை நீரை மாற்றி அளவு இறங்கியதும் வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். மாற்றிய பிறகு ஒரு வாரம் விட்டு மறுபடி எடுங்கள். ஏறினால் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஏறும் உயரம் குறைந்துகொண்டே வரும். அந்த எண்களை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள், போக்கு தானாகத் தெரியும்.

நீரையே மாற்றிக்கொண்டிருந்தால் உப்புச் செலவு கட்டாது என்றால் இரண்டு வழி உண்டு. இரும்பு ஆக்சைடு குருணையை ஒரு சிறு ரியாக்டரில் (நீர் உள்ளே ஓடிப்போகும் குழாய் போன்ற கலம்) போட்டு டப்பு நீரைச் சுழலவிடலாம், அது பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். லாந்தனம் குளோரைடு வேகமானது. சொட்டுச் சொட்டாக விட்டால் பாஸ்பேட்டோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகி நீர் கலங்கும், அதை 5 அல்லது 10 மைக்ரான் வடிகட்டிப் பையில் பிடிக்க வேண்டும். மீன் இல்லாத டப்பில் மட்டும் செய்யுங்கள். முடிந்ததும் அந்த நீர் முழுதையும் கொட்டிவிட்டு டப்பின் அடியில் படிந்ததைக் கழுவுங்கள்.

மாற்றிய நீரில் ஒரு வாரம் கழித்தும் 0.1 பிபிஎம்முக்குக் கீழே நின்றால் எனக்குத் திருப்தி. பூஜ்யம் வரைக்கும் விரட்டாதீர்கள். பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் அடியோடு இல்லாத புதுத் தொட்டியில்தான் டைனோபிளாஜெல்லேட் என்னும் வழுவழுப்பான பழுப்புப் படலம் வந்து உட்காரும். முடிப்பாசியைவிட அதை ஒழிப்பது கடினம்.

ஆறாம் படி: பாக்டீரியாவைக் குடியேற்றுவது

ப்ளீச்சும் அமிலமும் பார்த்த பாறை இப்போது வெறும் கல். அதில் நைட்ரஜன் சுழற்சியை நடத்தும் பாக்டீரியா குடியேற வேண்டும். அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் கூட்டம் ஒன்று, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் நைட்ரோஸ்பைரா போன்ற கூட்டம் இன்னொன்று. ஆக்சிஜன் எட்டாத ஆழத்து நுண்துளைகளில் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும் கூட்டம் மெல்ல மெல்லச் சேரும்.

செத்த இறாலைப் போட்டு அழுகவிடுவது பழைய முறை. இவ்வளவு பாடுபட்டுப் பாஸ்பேட்டை வெளியேற்றிவிட்டு மறுபடி அதையே உள்ளே போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தூய அம்மோனியம் குளோரைடு போதும். 100 லிட்டர் நீருக்கு 0.6 கிராம் போட்டால் அம்மோனியா 2 பிபிஎம் அளவுக்கு ஏறும். கூடவே கடல்நீருக்கென்று வரும் நைட்ரிஃபையிங் பாக்டீரியா ஒரு பாட்டில், காலாவதித் தேதி பார்த்து.

இரண்டு நாளுக்கு ஒருமுறை அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள். அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறும், பிறகு நைட்ரைட்டும் இறங்கும். நைட்ரைட் மிச்சம் இருக்கும்போது நைட்ரேட் கிட் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். அந்தக் கிட் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் அளக்கிறது, ஏற்கெனவே இருக்கும் நைட்ரைட்டையும் சேர்த்து எண்ணிவிடும். இந்தச் சுழற்சி நீரின் காரத்தன்மையையும் தின்னும் என்பதால் அதைக் குறிக்கும் கேஹெச் அளவு 7க்குக் கீழே போகாமல் சமையல் சோடாவால் சரிசெய்துகொள்ளுங்கள்.

மாலையில் 2 பிபிஎம் அம்மோனியா போட்டு, மறுநாள் மாலையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்றால் பாறை தயார். மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். பாஸ்பேட்டை வெளியேற்றும் வேலையோடு இது சேர்ந்தே நடக்கலாம். பாக்டீரியா பாறையில்தான் ஒட்டியிருக்கிறது, தண்ணீரில் அவ்வளவாக இல்லை, ஆகவே நீரை மாற்றினாலும் நட்டமில்லை. மாற்றும்போது பாறை காய்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தொட்டியில் இறக்கிய பிறகு

டப்பிலிருந்து எடுத்த பாறையைப் புது உப்பு நீரில் ஒருமுறை முக்கி ஆட்டிவிட்டு இறக்குங்கள், பொந்துகளில் தங்கிய தூள் வெளியேறும். டப்பு நீரைத் தொட்டிக்குள் ஊற்ற வேண்டாம். டப்பின் அடியைப் பார்த்தால் ஏன் என்று தெரியும், சாம்பல் நிறத்தில் ஒரு விரற்கடை தூள் படிந்திருக்கும்.

முதல் மாதத்தில் பழுப்பு நிறத்தில் டயாட்டம் படலம் வரும். துடைத்தால் போய்விடும், சில வாரங்களில் தானாகவே குறையும். அதைப் பார்த்து மருந்து எதுவும் ஊற்றிவிடாதீர்கள். உலர் பாறையில் இல்லாத ஒன்றே ஒன்று உயிர்களின் பன்மை. அதற்கு ஆரோக்கியமான ஒரு தொட்டியிலிருந்து, எய்ப்டேசியா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முஷ்டி அளவு லைவ் ராக் ஒன்றையோ ஒரு கைப்பிடி மணலையோ கொண்டுவந்து சேருங்கள். கண்ணாடியிலிருந்து சுரண்டிய ஊதாச் சுண்ணாம்புப் பாசித் தூள் கிடைத்தால் அதையும் பாறை மேல் தூவுங்கள். கோபிபாட் எனும் நுண்ணிறால்கள் ஒரு பாட்டில் விட்டால் முதல் மீனுக்கு முன்பே பெருகிவிடும்.

விளக்கை ஒரு நாளுக்கு நான்கு மணிநேரத்தில் தொடங்கி வாரத்துக்கு ஒரு மணிநேரம் கூட்டுங்கள். நத்தைகளை ஐந்தாறோடு தொடங்குங்கள், படலம் இல்லாத தொட்டியில் அவை பட்டினி கிடக்கும். மீன் ஒன்றோ இரண்டோ, இரண்டு வாரம் விட்டு அடுத்தது.

பாஸ்பேட் நோட்டை மூடி வைத்துவிடாதீர்கள். முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை, ஒரே நாளில், தீவனம் போடுவதற்கு முன் எடுத்து எழுதுங்கள். தீவனத்தைக் கூட்டாமலே எண் ஏறிக்கொண்டு போனால் பாறையில் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று பொருள், இரும்பு ஆக்சைடு குருணையைக் குறைந்த அளவில் போட்டு மெதுவாக இறக்குங்கள். என் இப்போதைய தொட்டியில் ஐந்தாவது மாதம், பின்பக்கம் நிழல் விழும் ஒரு பாறை விளிம்பில் கடுகு அளவுக்கு ஓர் ஊதாப் புள்ளி தெரிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன், பக்கத்தில் இன்னும் மூன்று இருந்தன.